எலும்பு தாழிக்குள் போன வழி

ஆதிச்சநல்லூர்ப் பறம்பைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டாக இரண்டு கேள்விகளைத்தான் மாறி மாறிக் கேட்டுவருகிறோம். எவ்வளவு பழையது? யாருடையது? முதல் கேள்வி உயர் நீதிமன்றம்வரை போய்வந்தது. இரண்டாவது கேள்வி மேடைகளில் இன்னும் ஓயவில்லை. மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. ஆய்வறிக்கைகளின் ஓரத்தில் ஒரு வரியாக வந்து மறைந்துவிடும். அங்கே புதைந்த ஈமத்தாழிகளில் கிடைக்கும் எலும்புகள் அவற்றுக்குள் எப்படிப் போயின? இறந்தவரை அப்படியே கைகால் மடக்கிக் குந்தவைத்து மண்ணுக்குள் இறக்கினார்களா? உடலை வேறெங்கோ வெட்டவெளியில் கிடத்தி, சதை போன பிறகு எலும்பைப் பொறுக்கி வந்து இட்டார்களா?

இரண்டாவதுதான் நடந்தது என்றால் பொருநை என்ற தாமிரபரணியின் கரைக்காரர்கள் பார்சிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள். பிணத்தைப் பறவைக்குக் கொடுத்துவிட்டு எலும்பை மட்டும் காக்கும் வழக்கத்துக்கு உலகம் அறிந்த சாட்சி பார்சிகள் உள்ளிட்ட ஜொராஷ்டிர சமயத்தார்தான். இந்த ஒப்பீட்டைச் சிலர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் உள்ளதை முழுதாக விரித்துவைக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டரில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது அந்தப் பறம்பு. 1986 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தூத்துக்குடி மாவட்டம். 114 ஏக்கர் செம்மண்ணும் சரளையும் வெண்கல் பாறையும். எதிரே ஆறும் அதன் வயலும் பச்சையாகக் கிடக்க, இது மட்டும் ஏர் இறங்காத மேடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் முதலில் தோண்டினார், கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோதுதான் இடத்தின் பெருமை வெளியே தெரிந்தது. பொன் நெற்றிப்பட்டங்கள், எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள், ஈட்டி, சூலம், நெல் உமி, துணியின் மிச்சம் என்று அவர் தொகுத்த பட்டியல் 1915இல் நூலாக வந்தது. அதே காலத்தில் பிரான்சிலிருந்து லாப்பிக் என்பவரும் வந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு போனார்.

அங்கே கிடைத்த மண்டையோடுகளின் கதை இதைவிட வேடிக்கை. 1930இல் சக்கர்மேன் என்ற உடற்கூற்றாளர் அவற்றை அளந்து எழுதினார். அதற்குப் பிறகும் அளந்தவர்கள் உண்டு. மூக்கு எவ்வளவு அகலம், நெற்றி எவ்வளவு சாய்வு, இவர் எந்த இனம் என்பதே பேச்சு. தாழிக்குள் அந்த மண்டையோடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, கழுத்தெலும்பு அதனோடு ஒட்டியிருந்ததா, விரலெலும்புகள் கூட இருந்தனவா என்று கேட்டவர்கள் குறைவு. எலும்பின் சொந்தக்காரரைத் தேடிய அளவுக்கு எலும்பின் பயணத்தை யாரும் தேடவில்லை.

2004, 2005இல் மத்தியத் தொல்லியல் துறை சார்பில் சத்தியமூர்த்தி தோண்டினார். 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பாறையைக் குடைந்து குழி செய்து, ஒரு தலைமுறையின் தாழிக்கு மேல் இன்னொரு தலைமுறையின் தாழி என மூன்று அடுக்கு. சில இடங்களில் ஒரு தாழியின் வாயில் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். அறிக்கை வராமலே ஆண்டுகள் ஓடின. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு வழக்குத் தொடுத்தார். 2004இன் மாதிரிகளில் இரண்டு கி.மு. 905, கி.மு. 696 எனக் காலம் காட்டியது 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தெரியவந்தது. அதன் பின் மாநிலத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றிலும் இறங்கியது. சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் சிவகளையின் இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே போகிறது என்றொரு அறிவிப்பும் வந்தது. எல்லாம் காலக்கணக்கு. பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நெல் யாருக்காக, உடலுக்கா எலும்புக்கா இடப்பட்டது என்பது செய்தியாகவில்லை.

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டு விடையும் சொன்னவர்கள் நம் ஊர்ப் பாட்டிகள். அந்தக் காலத்தில் மனிதர்களுக்குச் சாவே கிடையாதாம். வயதாக ஆக உடம்பு சுருங்கிக்கொண்டே வருமாம். கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கியவர்களை விளக்கு வைக்கும் மாடக்குழியில் உட்காரவைப்பார்கள். அங்கிருந்தும் விழுந்து தொலைக்கிறார்களே என்று கடைசியில் ஒரு தாழியில் சோறு தண்ணீரோடு வைத்துப் புதைத்துவிடுவார்கள். இந்தக் கதையைக் கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார், நெல்லைப் பக்கம் இன்றும் கேட்கலாம். சிரித்துவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் கதை கட்டியவர்கள் தாழியின் வாயைப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே இருந்த ஆளின் அளவைப் பார்த்திருக்கிறார்கள், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று யோசித்திருக்கிறார்கள். அறிஞர்கள் மண்டையோட்டை அளந்துகொண்டிருந்தபோது இவர்கள் தாழியை அளந்தார்கள்.

இனி மறுபக்கம்.

ஜொராஷ்டிர சமயத்தில் மரணம் என்பது தீமையின் வெற்றி. உயிர் பிரிந்ததும் நசு என்ற அழுகல் பேய் ஈ வடிவில் வந்து உடலில் புகுந்துவிடுகிறது. நெருப்பு, நீர், மண் மூன்றும் அவர்கள் கடவுளான அகுர மஸ்தாவின் தூய படைப்புகள். அவற்றில் எதிலும் பிணம் படக் கூடாது. எரித்தால் நெருப்புக்குத் தீட்டு, புதைத்தால் மண்ணுக்குத் தீட்டு, ஆற்றில் விட்டால் நீருக்குத் தீட்டு. மிச்சமிருப்பது வெயிலும் பறவையும் நாயும்.

அவர்களின் தூய்மைச் சட்ட நூலான வெந்திதாத் இதை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பேசுகிறது. உடலை உயரமான, ஊன் தின்னும் பறவையும் நாயும் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் கிடத்த வேண்டும். காலையும் தலைமுடியையும் உலோகத்தாலோ கல்லாலோ பிணைத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் பறவையும் நாயும் எலும்பைத் தூக்கிப்போய்த் தண்ணீரிலும் செடியிலும் போட்டுவிடும். பனிக்காலத்தில் உடலை வெளியே எடுக்க முடியாவிட்டால் பறவை பறக்கும் பருவம் வரும்வரை தனி அறையில் வைத்திருக்கலாம். சதை போன பிறகு எலும்பை நாய், நரி, ஓநாய் எட்டாத, மேலிருந்து மழை விழாத ஒரு பேழையில் சேர்க்கலாம். வசதி உள்ளவர் கல்லாலோ சுண்ணத்தாலோ மண்ணாலோ செய்துகொள்ளட்டும், இல்லாதவர் பாயில் வெயில் பார்க்கக் கிடக்கட்டும். பூமி மிகவும் துயரப்படும் இடங்களில் ஒன்று, பிணங்கள் புதைந்த நிலம். அவற்றைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துகிறவனையும், தானியம் விதைக்கிறவனையும் கண்டு பூமி மகிழ்கிறது.

விதி இப்படி இருந்தாலும் நடப்பு ஒரே மாதிரி இருந்ததில்லை. பாரசீகர்கள் உடலில் மெழுகு பூசிப் புதைப்பதாகவும், பூசாரிகளான மாகியரின் உடலைப் பறவையோ நாயோ கிழித்த பிறகே புதைப்பதாகவும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எரோடோட்டசு எழுதுகிறார். மன்னன் சைரசுக்குப் பசர்கடேயில் கல்லறை வீடே இருக்கிறது. தாரியசு முதலானோர் நக்‌ஷ்-இ-ருஸ்தம் பாறைமுகத்தில் குடைந்த அறைகளில் கிடத்தப்பட்டார்கள். பிணத்துக்கும் மண்ணுக்கும் இடையே கல்லோ மெழுகோ இருந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். நடு ஆசியாவில், சமர்க்கந்துப் பக்கம், சுடுமண்ணால் எலும்புப் பேழைகள் செய்தார்கள். பக்கங்களில் தூணும் வளைவும் பூசாரி உருவங்களும் கொண்ட அழகான பெட்டிகள். நீளம் பெரும்பாலும் ஒரு தொடையெலும்பு கிடக்கும் அளவுதான். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடலைக் கிடத்தப் பார்சிகள் கட்டிய தக்மா இந்த வழக்கத்தின் கடைசி வடிவம். வட்டமான கல்மதில், மேலே கூரை கிடையாது. உள்ளே நடுக்கிணற்றை நோக்கிச் சரியும் கல்தளத்தில் மூன்று வட்ட வரிசை. வெளிவட்டம் ஆண்களுக்கு, நடுவட்டம் பெண்களுக்கு, உள்வட்டம் குழந்தைகளுக்கு. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் ஆழமற்ற பள்ளம். காய்ந்த எலும்புகள் கடைசியில் நடுக்கிணற்றில் சேர்ந்து சுண்ணாம்பாக உதிரும். மழைநீர் நான்கு வாய்க்கால் வழியாகக் கீழே இறங்கி, மணலும் கரியும் நிரப்பிய குழிகளில் வடிகட்டப்பட்ட பிறகே மண்ணைச் சேரும். பெரும் பணக்காரரின் எலும்பும் அவர் வீட்டு வேலையாளின் எலும்பும் ஒரே கிணற்றில்தான். பம்பாய் மலபார் குன்றின் டூங்கர்வாடியில் 1670களில் முதல் தக்மா எழுந்தது. இன்று அது நகரின் நடுவில் 54 ஏக்கர் காடு.

சடங்கையும் பார்த்துவிட வேண்டும். குளிப்பாட்டி, பழைய வெள்ளை உடுத்தி, கஸ்தி என்ற புனித நூல் கட்டி உடலைக் கல்மேல் கிடத்துவார்கள். கண்ணுக்கு மேல் இரண்டு புள்ளி உள்ள நாயைக் கொண்டுவந்து பிணத்தைப் பார்க்கவிடுவார்கள், அதன் பார்வை அழுகல் பேயை விரட்டும். பூசாரிகள் இருவர் வேதப் பாடல்களான காதைகளை ஓதுவார்கள். பாடை இரும்பில்தான், மரத்தில் தீட்டு ஊறிவிடும். பின்னால் வருபவர்கள் இரண்டிரண்டு பேராக ஒரு வெள்ளைத் துணியின் முனைகளைப் பிடித்தபடி நடப்பார்கள். தக்மாவுக்குள் நுழைய உரிமை பிணம் தூக்குவோருக்கு மட்டுமே. நான்காம் நாள் விடியலில் ஆன்மா மறுமைக்கான சின்வத் பாலத்தைக் கடக்கிறது. நம் ஊர்க் கேதவீட்டில் நீர்மாலை எடுத்து, கொள்ளிக்குடம் உடைத்து, காடாத்து அன்று கால் தொடங்கித் தலைவரை எலும்பை முறையாகப் பொறுக்கிப் பால் தெளித்துக் கலயத்தில் எடுத்து ஆற்றில் கரைக்கிறவர்களுக்கு இதில் அந்நியமாகத் தோன்றுவது கழுகு ஒன்றுதான்.

அந்தக் கழுகு இப்போது அநேகமாக இல்லை. மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக் கழுகுகளுக்குள் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1990களில் தொடங்கிய அழிவுக்குக் காரணம் இதுதான் என்று 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைக்குத் தடைசெய்தது. அதற்குள் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. டூங்கர்வாடியில் வெயிலைக் குவிக்கும் கண்ணாடித் தகடுகளை வைத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அவை உதவுவதில்லை. 2015இல் மும்பை ஒர்லி மயானத்தில் எரியூட்ட விரும்பும் பார்சிகளுக்கெனத் தொழுகைக்கூடம் திறந்தது. கொரோனாவில் இறந்தவர்களைத் தக்மாவில் வைக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2022 பிப்ரவரியில் பறவை நுழையாமல் மேலே வலை போட்டு வெயிலில் மட்டும் காயவைக்கலாம் என்று முடிந்தது. பறவைக்காகவே திறந்துவைத்த மேற்புறத்தில் பறவைக்கு எதிராக வலை! 2011 கணக்குப்படி நாட்டில் பார்சிகள் 57,264 பேர். ஈரானிலோ யசுது நகரத்துத் தக்மாக்கள் சுற்றுலா இடமாகிவிட்டன, அங்குள்ள ஜொராஷ்டிரர்கள் இப்போது சிமெண்ட் பூசிய குழிகளில் புதைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தக்மா எழுந்ததே இல்லை. சென்னை ராயபுரத்தில் 1910இல் திறந்த நெருப்புக் கோயில் இருக்கிறது, அருகிலேயே பார்சிகளின் இடுகாடும் இருக்கிறது. தக்மா இல்லாத ஊரில் வாழ நேர்ந்தவர்கள் விதியைத் தளர்த்திக்கொண்டு மண்ணில் இட்டார்கள். விதியைவிட ஊர் வலியது என்பதற்கு இது நல்ல சான்று. ஆதிச்சநல்லூரை எடைபோடும்போதும் இது தேவைப்படும்.

ஜொராஷ்டிரர்கள் நம் பக்கம் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் கொல்லம். அவ்வூரின் கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் எபிரேய எழுத்திலும் நடுக்காலப் பாரசீகமான பகலவியிலும் உள்ளன. பகலவியில் ஒப்பமிட்டவர்களில் ஜொராஷ்டிர வணிகரும் உண்டு. அதற்கும் முந்தைய தடயம் பானைத் துண்டு. பாரசீக வளைகுடாவில் உள்பக்கம் நிலக்கீல் பூசிய, அடிகூர்ந்த நீளமான சாடிகள் செய்தார்கள். அவற்றின் உடைசல் கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. அதே சாடிகளைப் புஷேர் தீபகற்பத்தில் ஷொகாப் என்னுமிடத்தில் வேறொரு வேலைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறுக்கே வெட்டி, உள்ளே மனித எலும்புகளைச் சேர்த்து, மீண்டும் பொருத்தி மண்ணில் வைத்திருக்கிறார்கள். அடி கூர்ந்த சாடி, உள்ளே எலும்பு! புகைப்படத்தில் பார்க்கிற நெல்லைக்காரர் திடுக்கிடுவார். ஆனால் அவை கிறித்து பிறப்பை ஒட்டியும் அதற்குப் பின்னுமான காலத்தவை. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் அவற்றுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. இங்கிருந்து அங்கே போயிற்று, அங்கிருந்து இங்கே வந்தது என்று கோடு இழுக்க எந்த ஆதாரமும் கிடையாது. எலும்பைச் சாடியில் வைப்பது சாடி செய்யத் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியது.

நம் பழைய நூல்கள் என்ன சொல்கின்றன? காவிரிப்பூம்பட்டினத்துச் சக்கரவாளக் கோட்டத்தை வருணிக்கும் மணிமேகலை, இறந்தோரை ஐந்து வகையாக அனுப்பியதைச் சொல்கிறது. எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டு வருபவர், குழியில் படுக்கவைப்பவர், நிலவறையில் அடைப்பவர், தாழியில் கவிப்பவர். இரண்டாவது வகை நமக்கு முக்கியம். பிணத்தைத் திறந்தவெளியில் விடுவது தமிழகத்தில் ஒரு வழக்கமாகவே இருந்தது. ஆனால் மணிமேகலை அதைத் தாழியிலிருந்து பிரித்துத் தனி வகையாகவே எண்ணுகிறது. போட்டவர் பின்னால் வந்து பொறுக்கினார் என்று அது சொல்லவில்லை.

புறநானூற்றின் 238ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. வெளிமான் என்னும் தலைவன் இறந்தபின் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் பாடியது. கவித்த செந்நிறத் தாழியின் குவிந்த மேற்புறத்தில் செவி சிவந்த சேவலும் பொகுவல் பறவையும் காக்கையும் கோட்டானும் அச்சமின்றி உட்கார்ந்திருக்கின்றன. செவி சிவந்த சேவலைக் கழுகின் ஆண் என்பார்கள் உரைகாரர்கள். கழுத்தோரத்தில் சிவந்த சதைமடல் தொங்கும் செந்தலைப் பாறுவைப் பார்த்தவர்களுக்கு இது எந்தப் பறவை என்பதில் ஐயம் வராது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் ஒருசில உள்ளன. தாழியும் கழுகும் ஒரே காட்சியில் நிற்கும் இந்தப் பாட்டைத் தாழி ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாள்வதில்லை என்பது என் ஆதங்கம். ஆனாலும் இதை வைத்துக் கழுகுக்கு ஊட்டிய பிறகே தாழியில் இட்டார்கள் என்று முடிவுகட்ட மாட்டேன். ஒரே காட்டில் ஒருவர் தாழியில் கவிக்க, இன்னொருவர் சும்மா போட்டுவிட்டுப் போனால் கழுகு வரத்தானே செய்யும்? வந்த கழுகு உட்கார உயரமான இடம் தாழியின் முதுகு.

கழுகு என்றதும் ஒரு சின்ன விலகல். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அருகன்குளத்தில் ஆற்றங்கரையில் ஜடாயு தீர்த்தம் இருக்கிறது. இராமன் ஜடாயுவுக்கு இறுதிக்கடன் செய்த துறை என்று சொல்லி அங்கே முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறார்கள். மனிதரைக் கழுகிடம் ஒப்படைத்த சமயத்தைத் தேடிப்போன நமக்கு, கழுகுக்கே மனிதக் கடன் செய்த துறை இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கிறது.

பாட்டுகளில் முழு உடலை இட்டதற்கும் சாட்சி உண்டு. கணவனோடு சுரம் கடந்து வந்த பெண் அவனை இழந்து, தாழி வனையும் குயவனிடம், எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று கேட்கிறாள். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது அவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி எப்படி வனைவாய் என்று ஐயூர் முடவனார் குயவனுக்காக இரங்குகிறார். இருவர் மனத்திலும் இருப்பது முழு ஆள். பொறுக்கிய எலும்புக்கு அகலமான தாழி எதற்கு?

இப்போது தாழிக்கே வருவோம். ஆதிச்சநல்லூரில் இரண்டும் கிடைத்திருக்கின்றன. சில தாழிகளில் முழு எலும்புக்கூடு மடங்கிய நிலையில். வேறு பலவற்றில் மண்டையோடும் நீண்ட எலும்புகள் சிலவும் மட்டும். பின்னதைப் பார்த்ததும் உடலைத் திறந்தவெளியில் போட்டிருந்தார்கள் என்று சொல்வது ஒரு தாவல். உடலைத் தற்காலிகமாகப் புதைத்து, ஆண்டு கழித்துத் தோண்டி எடுத்தாலும் இதே மிச்சம்தான் கிடைக்கும். தாழிக்குள் முழு உடலை வைத்து, பல நூற்றாண்டு மழையும் சரளை மண்ணும் சிறு எலும்புகளைக் கரைத்துவிட்டாலும் இதே மிச்சம்தான். மூன்று வெவ்வேறு வழிகள் ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், இலங்கையில் புத்தளத்துப் பக்கம் பொம்பரிப்பில் இதே குடும்பத்துத் தாழிகள் உண்டு. அங்கே ஒரே தாழியில் பலருடைய எலும்புகள் கலந்திருந்தன. அங்கே எலும்பாகத்தான் உள்ளே போயிற்று என்று உறுதியாகச் சொல்லலாம். கொற்கைக்கு நேரெதிர்க் கரை என்பதால் அந்த வழக்கம் இங்கே தெரியாமல் இருந்திருக்காது.

என் கணிப்பு தாழியின் அளவிலிருந்து வருகிறது. சமர்க்கந்துப் பேழை தொடையெலும்பின் அளவு. எலும்பு மட்டும்தான் உள்ளே போகும் என்று தெரிந்து செய்தது. நம் தாழி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். முழங்காலை மார்போடு சேர்த்துக் குந்திய ஓர் ஆளுக்கான அளவு. இந்தக் கலத்தை முதலில் வனைந்தவர்கள் முழு உடலை நினைத்தே வனைந்தார்கள் என்பேன். எலும்பு பொறுக்கி இடுவது பின்னால் அதே கலத்துக்குள் நுழைந்த வழி. ஏன் நுழைந்தது? அவ்வளவு பெரிய தாழியை வனைந்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டெடுக்க நாளாகும். அடைமழையில் சூளை எரியாது. பிணமோ சில மணி நேரத்தில் விறைக்கும், மறுநாள் மடங்காது, அதற்கடுத்த நாள் நாறும். பாறையைக் குடையவும் ஆள் வேண்டும். தொலைவில் வணிகத்துக்கோ முத்துக்குளிக்கவோ போய் இறந்தவர்களும் இருந்திருப்பார்கள். இவர்களுக்கெல்லாம் உடலை எங்கோ வைத்திருந்து, தாழி கிடைத்ததும் எலும்பைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள். வெந்திதாதின் பனிக்கால அறையும் இதே நெருக்கடிக்குச் சொன்ன வழிதான்.

ஆகவே ஜொராஷ்டிரர்களோடு உள்ள ஒற்றுமை செய்முறையில் ஒரு பகுதி. கருத்து நேர்மாறு. அங்கே எலும்புகூட மண்ணைத் தீண்டாதிருக்க வேண்டும், இங்கே தாழியை மண்ணுக்குள் பத்தடி ஆழத்தில் இறக்குகிறார்கள். அங்கே பிணம் புதைத்த நிலத்தைத் தோண்டித் தூய்மைப்படுத்தினாலும் தானியம் விதைத்தாலும் பூமி மகிழும், இங்கே நெல்லைப் பிணத்தோடு உள்ளே அனுப்புகிறார்கள். தக்மாவில் உடுத்த துணிகூட மிஞ்சக் கூடாது, ஆதிச்சநல்லூரில் சிலருக்குப் பொன்பட்டம், சிலருக்கு வெறும் கலயம். இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி இருந்ததை ரீ கவனித்து, துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றிலும் மண்ணில் குத்திவைத்ததுபோல் இருப்பதாக எழுதினார். பிணத்துக்கு அஞ்சி விலகி நின்றவர்கள் செய்கிற வேலையா அது? உண்மையான ஒற்றுமை ஒன்றே ஒன்று, இடத்தேர்வில். வெந்திதாத் வறண்ட, விளையாத மேட்டைக் கேட்கிறது. பொருநை மக்களும் வயலை விட்டுவிட்டுப் பறம்புக்குப் போனார்கள். அவர்களுக்கு அதற்கு வேதம் தேவைப்பட்டிருக்காது. ஆற்றுப்பாசன நிலத்தின் விலை தெரிந்த எவரும் அதில் தாழியை இறக்க மாட்டார்கள்.

இது கணிப்பு. தீர்த்துவைக்கக்கூடிய சான்று எலும்பிலேயே இருக்கிறது. பறவையும் நாயும் தின்ற உடலின் எலும்பில் அலகுக் கீறலும் பல்லின் பள்ளமும் இருக்கும், வெயிலில் கிடந்ததால் மேற்பரப்பு வெளுத்து நீளவாக்கில் வெடித்திருக்கும். பொறுக்கும்போது தவறவிடுவது மணிக்கட்டு, விரல், முழங்கால் சில் ஆகிய சிறு எலும்புகளைத்தான். முழு உடலாகப் போயிருந்தால் அவை தாழியின் அடியில் கிடக்கும், மூட்டுகள் ஒன்றோடொன்று இணைந்தபடி இருக்கும். தாழியைக் களத்தில் திறந்து மண்ணைக் கொட்டாமல், மண்ணோடு தூக்கிவந்து ஆய்வகத்தில் விரல்கடை விரல்கடையாக இறக்க வேண்டும். ஒவ்வோர் எலும்பும் எந்த ஆழத்தில், எந்தத் திசையில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும், அடிமண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும். 2021 முதல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் தோண்டியிருக்கிறது, பொன்பட்டமும் கிடைத்தது, கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். சிவகளையில் மூடி கலையாத தாழியே கிடைத்தது. பறம்பில் தோண்டாத நிலம் இன்னும் நிறைய இருக்கிறது. அடுத்த அறிக்கையில் விரலெலும்புகளுக்கு ஒரு பட்டியல் வந்தால் அதுவே பெரிய செய்தி.